காய்ச்சல் இல்லை

ஒரு கதவைத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பவன் வாய் திறப்பதற்குள் அடுத்த கதவுக்குப் போய்விடுவான் வேதநாயகம். பிறகு நினைவு வந்தவனாகத் திரும்பி ஓடிவருவான். "சாப்பிட்டியாலே? உறங்கினியா?" சர்வகலாசாலைப் பரீட்சை நெருங்கினால் பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் இந்தத் தொல்லை ஆரம்பமாகிவிடும்.

எப்.ஏ. பரீட்சையில் ஏற்கெனவே ஒரு முறை கோட்டைவிட்டவன். மெலிந்த தேகம், பொத்தான் மாறிப் போட்ட கோட்டு. ஓரிடத்தில் கால் தரிக்காது. சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய், எவன் தட்டில் சோறு மிஞ்சுகிறது என்று பார்ப்பான். மிஞ்சினால் விடமாட்டான். "மனசுக்கு முடியலேன்னா டாக்டரய்யாகிட்ட போலே. அதுல என்ன வெக்கம்?" பையன்கள் அவனுக்கு 'ஆஸ்பத்திரி மணி' என்று பேர் வைத்திருந்தார்கள்.

நச்சரிப்புத் தாங்காமல் போகிறவர்களும், டாக்டர் கேட்டால் "காய்ச்சல்" என்று சொல்லிவிடுவார்கள். மனசு என்றால் கிறுக்குப் பட்டம் கட்டிவிடுவார்களே, ஊரில் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராதே! காய்ச்சலுக்குக் கிடைப்பது கொயினா மருந்து. வாய் கசந்து, காது இரைந்து, கொண்டுபோன துக்கத்தோடேயே திரும்பிவருவார்கள். போன வருஷம் வேதநாயகமும் அப்படித்தான் சொன்னான், அப்படித்தான் குடித்தான். அதற்குப் பிறகு தனக்காக ஆஸ்பத்திரிப் பக்கம் அவன் போனதே இல்லை. உறக்கமும் வந்தபாடில்லை. அடுத்தவனைத் துரத்துகிற மும்முரத்தில் அதை ஒளித்துவைத்திருந்தான், பாவம்.

அன்று அவன் கையில் அகப்பட்டவன் ஸ்ரீவைகுண்டத்துக் கருத்தையா. சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "ஆத்துல போய் விழுந்திரலாம்னு வருதுலே," என்றான் மெல்ல. வேதநாயகத்துக்கும் அப்படி வந்ததுண்டு. பிடித்த கையை விடாமல் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். வழி நெடுகக் கருத்தையா கெஞ்சினான்: "காய்ச்சல்னே சொல்லிருதேன். காட்டிக்குடுத்திராதலே." வேதநாயகம் நடையை எட்டிப் போட்டான்.

பெஞ்சு நிறைய ஆட்கள். அதில் கல்லூரிப் பையன்கள் வேறு. "என்ன செய்யுது?" என்று டாக்டர் கேட்டார்.

"காய்ச்..." என்று இழுத்தான் கருத்தையா. டாக்டர் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழாயை எடுத்து உதறினார்.

வேதநாயகம் நடுவே புகுந்தான். "இல்ல டாக்டரய்யா, எங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல் இல்ல. போன வருஷம் நான் சொன்னது பொய். உறக்கமில்ல. மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. மொதல்ல என்னயப் பாருங்க."

பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவன் டாக்டரிடமிருந்து அந்தக் குழாயை வாங்கி, பையப் பைய மேஜைமேல் வைத்தான்.