பன்னிரண்டு கணு

“சம்பளம் எவ்ளோ எக்ஸ்பெக்ட் பண்றீங்க?” என்று கேட்டுவிட்டு ஜெகதீசன் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிடுவார். உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, உரக்கடையின் மாடியில் பத்துக்குப் பத்து அறை. விசிறி நின்றால் யூரியா வாடை மேலே ஏறிவரும். எதிரே உட்கார்ந்திருப்பவர் நாற்பத்தைந்து, ஐம்பது வயது ஆளாக இருப்பார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். பிறகு, இந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரும் சொன்ன அதே பதிலைச் சொல்வார்: “நீங்களா பாத்துக் குடுங்க சார்.”

“போச்சு,” என்பார் ஜெகதீசன். “இருவது வருஷ சர்வீசும் போச்சு. எந்திரிச்சி வெளிய போயி மறுபடியும் உள்ள வா.”

ஆள் வெளியே போய், கதவைத் தட்டி, திரும்பவும் வருவார். ஒருவர் ஒன்பது முறை வந்ததை நான் எண்ணியிருக்கிறேன். நான் வேலை தேடிப் போனவன் இல்லை. கீழே பொட்டாஷ் மூட்டை வரும் என்று காத்திருந்த ஒரு நாள், மேலே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தவன். அன்றிலிருந்து பொட்டாஷ் வந்துவிட்டதா என்று விசாரிக்க எனக்கு அடிக்கடி அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

வாசல் பலகையில் ‘வேலை மாற்ற ஆலோசனை, 40 வயதுக்கு மேல்’ என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊருக்கு இடமாறுதல் வாங்கித் தருவார் என்று நம்பி இரண்டு ஆசிரியைகள் மாடி ஏறி வந்தார்கள். அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் அனுப்பினார்.

ஜெகதீசனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருடம் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரு லைனை மூடினார்கள், அதோடு இவரையும் அனுப்பினார்கள். அடுத்த கம்பெனியில் சம்பளம் என்ன வேண்டும் என்று கேட்டபோது இவரும் “நீங்களா பாத்துக் குடுங்க” என்றார். அவர்களும் பார்த்தார்கள். பழைய சம்பளத்தில் பாதிக்கும் கீழே கொடுத்தார்கள். பதினோரு மாதம் அதை வாங்கினார். அதன் பிறகுதான் இந்த அறையும் பலகையும்.

அவர் சொல்லித் தரும் வித்தை சின்னதுதான். “தொகய சொல்லு. சொல்லிட்டு வாய மூடு. சுண்டு வெரல்ல ஆரம்பிச்சி கட்ட வெரலால கணு கணுவா எண்ணிக்கினு வா. நாலு வெரலு, பன்னெண்டு கணு. அது முடியற வரிக்கும் எதிராளிதான் பேசணும். நீ வாயத் தொறந்தா ‘கொறச்சிக்கலாம் சார்’னுதான் சொல்லுவ. எனக்குத் தெரியாதா இன்னா.”

இதைப் பழக்க, அவரே கம்பெனியில் ஆள் எடுக்கும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணாக மாறுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேட்டரி செத்துப்போன மடிக்கணினியைத் திறந்து, அதையே பார்த்துக்கொண்டு கேள்வி கேட்பார். மீசை நரைத்தவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்க முடியவில்லை.

இவ்வளவும் சொல்லித் தருகிறவருக்குக் கட்டணம் என்ன? கோளாறே அங்கேதான். “வேல போயி வந்து நிக்கறவன் கிட்ட இன்னானு கேக்கறது? பேஜாரா கீது. கெடச்சப்புறம் பாத்துக்கலாம்,” என்பார். கிடைத்த பிறகு நன்றியோடு வந்து கேட்பவர்களிடம், “நீயா பாத்துக் குடுப்பா,” என்பார். அவர்களும் பார்த்துக் கொடுத்தார்கள். வாழைத்தார், அரை மூட்டை பொன்னி, பூசணிக்காய். சுவர்க் கடிகாரம் மட்டும் நாலு வந்திருக்கிறது. நாலும் நாலு நேரம் காட்டும்.

அவர் மனைவி சுதா தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. மாசி மாதத்தில் ஒரு நாள், நான் இருக்கும்போதே மாடி ஏறி வந்தார். “ஊர்ல கீறவனுக்கெல்லாம் சம்பளம் பேச கத்துக் குடுக்கறாரு. நம்ம வூட்டுக்கு பூசணிக்கா வருது. சித்திர பொறக்கற வரிக்கும் பாப்பேன்.” அதற்குள் கட்டணம் என்று ஒன்று கைக்கு வராவிட்டால், அறையைக் காலி செய்துவிட்டு ஒரகடத்தில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட வேண்டும். ஜெகதீசன் சரி என்று தலையாட்டினார்.

அடுத்த நாள் போனபோது அந்த வேலைக்கான விண்ணப்பம் மேசையில் கிடந்தது. படிக்கக் கூடாதுதான், படித்தேன். ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் ‘தாங்கள் பார்த்து’ என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். மனுஷர் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வேதாசலம் வந்தது அந்த வாரத்தில்தான். திருமுக்கூடல்காரர், நாற்பத்தேழு வயது, மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கம்பெனி மூடி நாலு மாதம். மூத்த பெண் நர்சிங் இரண்டாம் வருடம்.

“நீ லீவு போட்டா அங்க இன்னா நின்னுபோவும்?” என்று ஜெகதீசன் கேட்டார்.

“ஒண்ணும் நிக்காது சார். அதுபாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும்.”

ஜெகதீசன் விடவில்லை. முக்கால் மணி நேரம் தோண்டிய பிறகு ஒன்று வந்தது. “பேரிங் போறதுக்கு ரெண்டு நாளு முன்னயே மெஷின் சத்தம் மாறிடும் சார். போயி சொல்லிடுவேன். அது வேலயா இன்னா, சும்மா காதுல வுளுறதுதான.” பயோடேட்டாவில் ஜெகதீசன் எழுதிய முதல் வரி அதுதான்.

பங்குனி கடைசி வாரம், இனிப்புப் பொட்டலத்தோடு வேதாசலம் மாடி ஏறி வந்தார். “முப்பத்தெட்டுன்னேன் சார். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரயே பாத்துக்கினு இருந்துச்சு. நானும் எண்ணிக்கினே இருந்தேன். ஒம்பதாவது கணுல, ‘முப்பத்தாறு ஓகேவா’ன்னுச்சு.” பழைய இடத்தில் அவர் வாங்கியது முப்பத்தோராயிரம்.

ஜெகதீசன் பொட்டலத்தைப் பிரித்து மைசூர்பாகை இரண்டாக உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

“உங்களுக்கு எவ்ளோ சார் தரணும்?” என்று வேதாசலம் கேட்டார்.

ஜெகதீசன் கையை ஆட்டினார். “அது கெடக்குது. நீயா பாத்து...”

வேதாசலம் எழுந்தார். கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையை முட்டிமேல் வைத்துக்கொண்டு, கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைத்தார்.

யூரியா வாடை ஏறியது. ஜெகதீசன் கடிகாரத்தைப் பார்த்தார், எந்தக் கடிகாரத்தை என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் மைசூர்பாகைப் பார்த்தேன். சித்திரைக்கு இன்னும் ஐந்து நாள். சொல்லித் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வேதாசலத்தின் கட்டைவிரல் மோதிர விரலைத் தாண்டி நடுவிரலுக்கு வந்திருந்தது.

“அஞ்சாயிரம்,” என்றார் ஜெகதீசன்.

சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார். மேசைக்கு அடியில் அவருடைய கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தேடிப் போனது.