முதல் கூப்பாட்டுக்கு வந்த பதில்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நர்ஸ் வேலை பார்த்தவளுக்குச் சாவு புதிதில்லை, பிணம் கிடக்கிற அறையிலேயே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன், எதுவும் வந்து என் கையைப் பிடிக்கவில்லை. மருந்துக்கடைக்காரன் நீ, சாயங்கால மாத்திரை மட்டும் ஏன் அட்டையில் அப்படியே கிடக்கிறது என்று கேட்டாய். மறந்துவிட்டேன் என்று சொல்லி உன்னை அனுப்பியிருக்கலாம், எனக்குப் பொய் வராது. சிரிப்பதானால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரி, தம்பி.

உலக யுத்தம் நடந்த காலம். பென்னாகரம் போகிற ரோட்டில் ஆதரவில்லாத வயசானவர்களுக்கு ஒரு விடுதி இருந்தது, இப்போது அந்தக் கட்டடமே இல்லை. டாக்டர் தருமபுரியிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். கம்பவுண்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார், மருந்து கொடுக்க நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் பெருக்கித் துடைக்க வந்த பெண்களிலேயே கெட்டிக்காரிகளைப் பொறுக்கி மருந்து கொடுக்கப் பழக்கச் சொன்னார் டாக்டர். படிக்கத் தெரியாதவர்கள், அதற்கென்ன, சீசாவின் கழுத்தில் ஒரு கலர் நூல், அதே கலர் நூல் அந்த நோயாளியின் கையிலும் கட்டிவிட்டேன். நூல் அவிழும், மாறிப்போகும், ஆகவே இன்னொரு சட்டமும் வைத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர்கள் தங்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மருந்து. வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டால் பலவந்தமாகத் திறந்து ஊற்றவே கூடாது, புரையேறிச் செத்துப்போவார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு இதைப் பாடம் நடத்தினேன்.

அதில் ஒரு தொல்லை. அந்தப் பக்கத்து வயசானவர்கள், முக்கியமாகக் கன்னடம் பேசுகிறவர்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் வாய் திறப்பார்கள். மனுஷர் மூன்று தரம் கூப்பிடுவார்களாம், மற்றது ஒரே தரம்தான் கூப்பிடுமாம், அதற்குப் பதில் கொடுத்தால் உயிர் போய்விடுமாம். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். சாயங்கால மருந்து கொடுத்து முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிடும்.

கெம்பம்மா என்று ஒரு கிழவி. இருதயம் பலவீனம், கால் வீங்கும், மூச்சு வாங்கும். தினமும் சாயங்காலம் கொடுக்கிற சொட்டு மருந்தில்தான் அவளுடைய உயிர் நின்றது. ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். அவன் வருகிறவரைக்கும் இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவள், கசப்பு என்று ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் குடிப்பாள்.

அன்றைக்கு முனியம்மாள் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஏரியூர்ப் பக்கத்துக்காரி, நான் பழக்கியவர்களில் அவள்தான் சூட்டிகை. எப்படிச் செய்கிறாள் பார்ப்போம் என்று நான் பின்னாலேயே நின்றேன். "கெம்பம்மா ஆயா" என்று ஒரு தரம்தான் கூப்பிட்டாள். "இருக்கறேன் தாயி" என்று உடனே பதில் வந்தது.

முனியம்மாள் அசையவில்லை. பதில்தான் வந்துவிட்டதே, கொடு என்றேன்.

"அது ஆயா இல்லீங்கம்மா."

எனக்குக் கோபம் வந்து, விளக்கை எடுத்துக்கொண்டு நானே கட்டிலுக்குப் போனேன். கெம்பம்மா கண்ணை அகலத் திறந்துகொண்டு படுத்திருந்தாள், உதடு இரண்டையும் இறுக்கி மூடியிருந்தாள், தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். என் கையைப் பிடித்தாளே ஒரு பிடி, வளையல் அழுந்தி வலித்தது. "நானல்ல தாயி" என்றாள், அப்புறம் "பேடா, பேடா" என்றாள். மருந்து வேண்டாம் என்கிறாள்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரிக்குப் பக்கவாதத்தில் பேச்சே போய்விட்டது, எதிர்க்கட்டிலில் இருந்தவள் ஜுரத்தில் கிடந்தாள், மற்றவர்கள் பயந்துபோய் என்னையே பார்த்தார்கள். நம்பினால் நம்பு, அந்தக் குரல் கெம்பம்மாளின் கட்டிலிலிருந்துதான் வந்தது, நானும் கேட்டேன்.

"கூப்புட்டா இவங்க வர்றதில்லன்னு, அதுவே வந்து இவங்க பேருக்குப் பதில் குடுக்குதுங்க" என்றாள் முனியம்மாள். "இனிமே அந்தப் பேரு அதோடதாம். மருந்தும் அதுக்குத்தான் சேருமாம். ஆயா அப்படித்தான் சொல்றாங்க."

கெஞ்சினேன், அதட்டினேன், மகன் பேரைச் சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. பலவந்தம் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தானே. மறுநாள் கால் தண்ணீர் கோத்துக்கொண்டு பளபளத்தது. டாக்டர் வர நாள் இருந்தது, ஆள் அனுப்பினால் அவரும் ஊரில் இல்லை.

முனியம்மாள்தான் ஒரு வழி சொன்னாள். "பேர மாத்திடலாங்கம்மா. அதுக்குத் தெரியாத பேரா வச்சிரலாம்." எனக்கு வேறு என்ன வழி, சரியென்றேன். அவள் குனிந்து கெம்பம்மாளின் காதுக்குள்ளே ஏதோ சொன்னாள், எனக்கும்கூடக் கேட்கவில்லை. கிழவி அத்தனை பயத்துக்கு நடுவிலும் சிரித்தாள். அன்று சாயங்காலம் "சிவப்பாயி ஆயா" என்று முனியம்மாள் கூப்பிட்டபோதுதான் எனக்கே பேர் தெரிந்தது, கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்புதானே. முதல் தடவை சத்தமில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை கெம்பம்மா தன் வாயாலேயே "இருக்கறேன் தாயி" என்றாள், நான் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தைக் குடித்தாள். முனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எனக்கும் அழுகைதான்.

அடுத்த சாயங்காலம் நானும் முனியம்மாளும் சேர்ந்தே போனோம். "சிவப்பாயி ஆயா" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, "இருக்கறேன் தாயி" என்று வந்துவிட்டது.

கெம்பம்மா எங்களைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு மருந்துக்கும் வாய் திறக்கவில்லை, கூழுக்கும் திறக்கவில்லை. கூழில் கலந்து கொடுப்பேன் என்று சந்தேகம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், சொட்டு மருந்து சீசா என் மடியில்தான் இருந்தது, நிறைய இருந்தது. டாக்டர் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தோம். இருதயம் நின்றுவிட்டது, வயசு அப்படி என்றார். மகன் வந்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது. அடுத்த மாசமே நான் வேலையை விட்டுவிட்டேன்.

எல்லாம் எப்பவோ முடிந்த கதை. பயந்துபோன கிழவியின் மனப்பிராந்தி எங்களையும் தொற்றிக்கொண்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லித்தான் இத்தனை காலம் ஓட்டினேன். இப்போது எனக்கும் அதே இருதயக் கோளாறு. என் மருமகள் தங்கமானவள், விளக்கு போட்டதும் சமையல்கட்டிலிருந்து "அத்தே, மாத்தர போடற நேரமுங்க" என்று குரல் கொடுப்பாள், நான் பதில் சொன்னால் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவாள்.

போன வாரம் ஒருநாள் அப்படித்தான், ஒரே தரம் கூப்பிட்டாள். நான் வேறு யோசனையில் சும்மா இருந்தேன். அவள் பாட்டுக்கு டம்ளரோடு வந்து நின்றாள். நான்தான் வாயே திறக்கவில்லையே, அதற்குள் ஏன் வந்தாய் என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"நல்லா இருக்குதுங்க, இப்பத்தானே பதில் சொன்னீங்க" என்றாள். "அது என்னங்கத்தே, புதுசா என்னையத் தாயின்னு கூப்படறீங்க?"

தினமும் அவளுக்காக மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்கிறேன், தம்பி. வாயைத்தான் திறக்க முடியவில்லை.