அத்தான் பார்த்த பங்களா

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்குச்சட்டிப் புளிச்சோறு என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது.

சோறு கட்டியது என் அக்கா. எனக்குத் தெரியாமல் டாக்சியின் பின்பக்கம் வைத்துவிட்டாள். பயணம் போகிறவர்கள் கட்டுச்சோறு இல்லாமல் போகக் கூடாது — இது நாகப்பட்டினத்துச் சட்டம். ரப்பர் எஸ்டேட்டுக்குள் ஒரு கவளம் சோறுகூடக் கொண்டு போகக் கூடாது, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் — இது அவசரகாலச் சட்டம். அக்கா மலாயா வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவளுக்கு எந்தச் சட்டம் தெரிந்திருக்கும், சொல்லுங்கள்?

நாங்கள் போனது வீடு பார்க்க. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், நாகையில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கடைக்குப் பின்னாலேயே பட்டறை. முப்பது வருடம் காதுக்குள் சுத்தியல் அடித்தது. கடையை விற்ற பிறகும் அடி நிற்கவில்லை. தூக்கம் போயே போய்விட்டது. 'சத்தமில்லாத இடமாகப் பார்த்துக் குடியேறுங்கள்' என்றாராம் டாக்டர். அவர் கொடைக்கானலை நினைத்துச் சொல்லியிருப்பார். அத்தானுக்கு மலாயா ஞாபகம் வந்துவிட்டது... மச்சினன் நான் ஒருவன் இங்கே இருக்கிறேனே!

தம்பின் டவுன் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்புகிறார், எஸ்டேட் ஓரத்துப் பங்களாவை விற்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். பையில் இந்தியப் பாஸ்போர்ட், மடியில் அச்சாரப் பணம். கிளம்பிவிட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது, வாசகர்களே. ரோட்டுத் தடையில் இறங்கு, அடையாளக் கார்டைக் காட்டு, ஏறு, மறுபடி இறங்கு... இத்தனை வருடமாக இதே பிழைப்பு. இதற்கு நடுவில், வெளிநாட்டுக்காரர் இங்கே வீடு வாங்கலாமா என்று கேட்டு ஒரு வாரம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததும் நான்தான். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கை காட்டியது.

எஸ்டேட் கேட்டில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தூக்குச்சட்டியைத் திறந்தார். நல்லெண்ணெய் வாசனை ஆளைத் தூக்கியது. அவர் முகம் மாறிவிட்டது. எங்களுக்கு வீட்டைக் காட்டக் காத்திருந்த முனியாண்டி, எஸ்டேட் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், ஓடி வந்து அவரிடம் மலாயில் கெஞ்சிவிட்டு, மலாய் 'லா' ஒட்டிய தமிழில் எங்களிடம் சொன்னார்.

"புதுசா ஊர்லேருந்து வந்தவங்கன்னு சொன்னேன். இந்த வாட்டி விடுறாராம் லா. ஆனா சோறு உள்ள போவாது. இங்கயே தின்னு முடிங்க, இல்லாட்டி கொட்டுங்க."

சோற்றைக் கொட்டலாமா? எட்டுப் பேருக்கான சோற்றை அத்தானும் நானும் டாக்சி டிரைவரும் நின்றுகொண்டே தின்றோம். அத்தான் முனியாண்டியையும் கூப்பிட்டார். முதலில் மறுத்தவர் பிறகு வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

"விடியக்காலையில பால்மரம் சீவப் போறப்ப எங்களுக்கே சோறு கொண்டு போக விடறதில்லீங்க. பொம்பளைங்களக்கூட சோதிச்சுத்தான் அனுப்புறாங்க" என்றார்.

அத்தான் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

பங்களா மேட்டின் மேல் இருந்தது. வராந்தாவில் இடுப்பளவுக்கு மண்மூட்டைகள், குண்டு துளைக்காமல் இருக்க. அத்தான் அவற்றைச் சிமென்ட் என்று நினைத்துவிட்டார். "துரை ரிப்பேர் பண்ணியும் குடுக்கறார் போல மாப்ளே" என்று சந்தோஷப்பட்டார். நான் திருத்தவில்லை. யாருக்குத் தெம்பு இருக்கிறது?

ஆனால் அமைதி... அடடா! நாய் குரைக்கவில்லை. பிள்ளை அழவில்லை. ஒரு கிண்ணம் உருளவில்லை. அத்தான் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார். இரண்டே நிமிடம் — தூங்கிவிட்டார்! மாதக் கணக்காகக் கண் மூடாத மனுஷன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. துரை என்ன விலை சொன்னாலும் முடித்துவிட வேண்டியதுதான் என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

அரை மணி கழித்து விழித்தவர் மேட்டுக்குக் கீழே பார்த்தார். வரிசையாகக் கூரை இல்லாத வீடுகள். ஒரு வாசலில் அம்மிக்கல் கவிழ்ந்து கிடந்தது.

"அங்க யாருப்பா இருந்தா?"

"நாங்கதாங்க" என்றார் முனியாண்டி. "அது எங்க லயம். காட்டுல இருக்கறவங்களுக்குச் சோறு குடுத்துடுவோம்னு சர்க்கார்ல எல்லாரையும் காலி பண்ணி ரோட்டோரமா கம்பி வேலிக்குள்ள கொண்டாந்து வச்சிட்டாங்க."

அத்தான் அந்த அம்மிக்கல்லையே பார்த்தார். பிறகு கேட்டார்: "நெலவரம் சரியாகி, நான் இந்த வீட்டையும் வாங்கிட்டேன்னு வச்சுக்க. நீங்கள்லாம் திரும்பி வந்துடலாமில்ல?"

முனியாண்டி யோசித்தார். கிண்டல் இல்லை, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

"வரலாங்க. ஆனா நாங்க வந்தா ஒங்களுக்குச் சத்தமா இருக்குமே லா."

அத்தான் எழுந்துவிட்டார். "போலாம் மாப்ளே" என்றார். அச்சாரம் மடியிலேயே திரும்பி வந்தது. இப்போது என் வீட்டுக் கூடத்தில் விடிய விடிய உலாத்துகிறார். அவருக்கும் தூக்கமில்லை, எனக்கும் தூக்கமில்லை.

பங்களா இன்னும் விலை போகவில்லை. சீக்கிரம் போய்விடும்... அவ்வளவு அமைதியான இடம்!