ஜம்பு எந்தப் பக்கம் விழும்

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு போய் ஏற வேண்டியது. பெண்ணைப் பெற்றவர்கள் பின்வளவில் ஒரு தென்னோலைக் கிடுகுக் குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். நானும் அப்படி ஏறியவன்தான். அந்த வளவில் என்னுடையது என்று சொல்ல ஒரு மரமாவது நிற்கட்டும் என்று ஆசைப்பட்டு, கல்முனைச் சந்தையில் ஒரு ஜம்புக் கன்று வாங்கி வந்தேன். அறை ஜன்னலோரம் நடுவதாக நினைப்பு.

மாமா, அதாவது என் மனைவியின் வாப்பா, கன்றை விட்டுவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். சூறாவளியில் தென்னை விழுந்து இரண்டாகப் பிளந்த கூரை அது. திரும்பக் கட்டித்தான் மகளுக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து மனுசனுக்கு எந்த மரத்தைக் கண்டாலும் அது விழுவதுதான் தெரியும்.

"இது உங்கட உயரத்தில மூணு மடங்கு வளரும். படுங்க மகன்," என்றார்.

"எங்க மாமா?"

"இதில. கால் கன்றுக்கிட்ட, தலை வீட்டுப் பக்கம்."

புதுச் சாரனோடு மணலில் படுத்தேன். தலைமாட்டில் கம்பால் கோடு போட்டார். எழும்பி, அந்தக் கோட்டில் கால் வைத்து மறுபடி படுக்க வேண்டும். இரண்டாவது படுக்கையிலேயே மண்டை சுவரில் இடித்தது. "பாத்தீங்களா," என்றார், திருப்தியாக. கிணற்றடியில் படுத்தேன், குசினிப் பக்கம் படுத்தேன். ஜன்னலில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அடுத்த வளவு ராத்தா, புது மாப்பிள்ளை மௌத்து என்றே முடிவு கட்டி, செத்தவர்களுக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியை ஓதத் தொடங்கிவிட்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அப்ப எங்கதான் நடுறது, மாமா? கடலுக்குள்ளயா?"

தாடியைத் தடவினார். பின்வளவைக் காட்டினார். "அங்கால நடுங்க. குடிலோட ஒட்டி."

"படுத்துப் பாக்கத் தேவையில்லையா?"

"தேவையில்ல. விழுந்தா எங்கட மேலதான் விழும், வீடு தப்பும். நாங்க ரெண்டு கிழடுகள்தானே. மாமிக்கிட்டயும் கதைச்சிட்டன், ஓம் எண்டுட்டா."

மீனுக்கு விலை சொல்வதைப் போலச் சொன்னார். குடிலுக்குள் மாமி சட்டி கழுவிக்கொண்டிருந்தா. நான் கன்றைத் தூக்கிக் கிணற்றடி நிழலில் வைத்தேன்.

அடுத்த நாள் கன்றைச் சந்தைக்கே திருப்பிக்கொண்டு போய், ஒரு மாதுளையும் ஒரு மருதோன்றியும் மாற்றிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நட்டேன். அவை எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு கோழிதான் எழும்பி ஓட வேண்டும்.