அப்பா கோணி கட்டி வந்த நாள்

மாசி மகத்துக்குச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அப்பா இடுப்பில் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகும் சாலையில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் அவருக்கு வேலை. காலையில் லுங்கி கட்டிக்கொண்டு போன மனிதர் மத்தியானம் கோணியோடு, அதுவும் கயிறு போட்டு இறுக்கிய கோணியோடு வந்ததைப் பார்த்து நானும் தம்பியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"என்னா மாமா, லுங்கி எங்க?" என்றாள் சித்தி.

"மிஷினு கேட்டுச்சி. குடுத்துட்டு வந்துட்டேன்."

பிறகு அவரே நடித்துக் காட்டினார். ரம்பத்தை ஓட்டுகிற பெல்ட்டின் மூடியை ரிப்பேருக்காகக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லையாம். கட்டையைத் தள்ள அப்பா குனிந்தபோது லுங்கி நுனி பெல்ட்டில் சிக்கி, அவரையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பக்கத்துத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். துவைத்துத் துவைத்து வலைபோல் ஆகியிருந்த அந்தப் பழைய லுங்கி கிழிந்து தனியாகப் போய்விட்டது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு கோணியை நீட்டினாராம். அதை அப்பா செய்து காட்டியபோது சித்திக்குப் புரையேறிவிட்டது. இன்னொரு தடவை செய்யச் சொன்னோம். செய்தார்.

அம்மா மட்டும் அவர் எதிரில் உட்கார்ந்து, "கால நீட்டுங்க" என்றாள். பாதம், முழங்கால், கைவிரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தொடையில் ஒரு சிவந்த கோடு தவிர வேறொன்றுமில்லை. அப்புறம் அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, எங்களையெல்லாம்விட அதிக நேரம் சிரித்தாள்.

"மூடி மாட்டுற வரைக்கும் மிஷினத் தொடாதீங்க. சொல்லிட்டேன்."

"இன்னைக்கே ஆளக் கூப்டுட்டாரு மொதலாளி."

சாயங்காலம் அம்மாவும் சித்தியும் கடைவீதிக்குப் போய் அப்பாவுக்கு பேண்ட் வாங்கி வந்தார்கள். கல்யாணத்துக்குக்கூட பேண்ட் போடாதவர் அதை மாட்டிக்கொண்டு, காலை அகட்டி அகட்டித் தெருமுனை வரை நடந்தார். தெருவே சிரித்தது. அம்மா முந்திரி போட்டுக் கேசரி கிண்டினாள்.

"யாருக்கும்மா பொறந்தநாளு?" என்று கேட்டேன்.

"ஒங்கப்பாவுக்குத்தான்."

அப்பா பிறந்தது ஆடி மாதம் என்பது எனக்குத் தெரியும். திருவிழா அலைச்சலில் அம்மாவுக்கு மாதம் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். எடுத்துச் சொன்னால் கேசரியை ஆடிக்குத் தள்ளி வைத்துவிடுவாளோ என்று பயந்து, வாயைத் திறக்காமல் தட்டை நீட்டினேன்.