சோதினைக்கு மட்டும் துணிச்சல்

தொழில்முனைவு கற்பிக்கும் நான் வாழ்நாளில் ஒரு தேங்காய்கூட விற்றதில்லை. ஆனாலும் மட்டக்களப்பில் எங்கள் பல்கலைக்கழக வளாகத்து முகாமைத்துவ மாணவர்களிடம், "சம்பளத்தை நம்பாதீர்கள், துணிந்து இறங்குங்கள்!" என்று வருடாவருடம் முழங்கி வந்தேன். எவரும் நம்பாததால் ஆபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பெரியகல்லாற்று மாணவி சுகந்தி என் அறைக்கு வந்தாள்.

"சேர், உங்கட பேச்சக் கேட்டுத்தான் துணிஞ்சன். படிப்ப விட்டுட்டு இறால் ஊறுகாய் போட்டு விக்கப் போறன்."

எனக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ மகள், விசர் வேலை பாக்காதீங்க! பட்டத்த முடிச்சு அரசாங்க வேலை ஒண்டு எடுங்க."

"அப்ப வகுப்பில சொன்னது?"

"அது... சோதினைக்கு, பேப்பரில எழுத."

சுகந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கம் பிறகு வந்தது.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நான் வியாபாரமே செய்ததில்லை, பயந்தவன், மாதச் சம்பளம் இனிமையானது என்றேன். அன்று ஒருவரும் தூங்கவில்லை. படித்துக்கொண்டே ஊறுகாய் போடும் வழியை எல்லோருமாக யோசித்தோம். இரண்டையும் செய்வதாகச் சுகந்தி முடிவெடுத்தாள். வாழ்க்கையில் நான் துணிந்து இறங்கிய முதல் இடம் அந்த வகுப்பறைதான்.

வெளியே வந்ததும் சுகந்தியிடம் பெருமையோடு, "இண்டைய பாடம் எப்பிடி மகள்?" என்றேன்.

"விளம்பரத்தில பொய் குறைஞ்சிட்டு சேர். இனிச் சரக்கக் கொஞ்சம் கவனிங்க."