என் முகம், பாதி வீடியோ

அம்பத்தூர்லேர்ந்து பாடிக்கு வர்ற ஷேர் ஆட்டோ. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா என்னையே பாத்துட்டு வந்தாங்க.

"நீங்க வீடியோல வர்ற டாக்டரம்மா தானே?"

டூட்டி முடிஞ்சதும் தூக்கத்த விட்டுட்டு, வாட்ஸ்அப் வைத்தியத்துக்கெல்லாம் மறுப்பு சொல்லி வீடியோ போடறவ நான். உள்ளுக்குள்ள ஒரு சின்னப் பெருமை. ஆமாம்னேன்.

"நீங்க சொன்னீங்கனு தான் எங்க ஊட்டுக்காரருக்கு சக்கரை ஊசிய நிறுத்துனோம். இப்ப ஒரு கால எடுத்துட்டாங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா!"

போனை எடுத்துக் காட்டினாங்க. நானே தான். 'வெந்தயத் தண்ணி குடிச்சா இன்சுலின் ஊசியே தேவையில்ல'ங்கறேன். அதோட வீடியோ முடிஞ்சிடுது.

பொய்யை முதல்ல சொல்லிட்டு, அது ஏன் பொய்னு அப்புறம் விளக்கறது என் வழக்கம். யாரோ அந்த முதல் வரிய மட்டும் வெட்டி அனுப்பியிருக்காங்க.

எடுத்துச் சொன்னேன். அவங்க கோபப்படக்கூட இல்ல.

"மூஞ்சி உங்களுது, கொரலு உங்களுது. நாங்க இன்னாத்தம்மா கண்டோம்?"

அம்பத்தூர் எஸ்டேட் ஸ்டாப் கிட்ட இறங்கிப் போயிட்டாங்க.

இன்னிக்கு அடுத்த வீடியோ எடுக்கணும். எங்க வெட்டினாலும் யாருக்கும் கால் போகாத மாதிரி ஒரு முதல் வரி இருந்தா, கமெண்ட்ல சொல்லுங்க.